ஹீட்டர் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள்

ரூம் ஹீட்டர் முழு வேகத்தில் அரை மணி நேரம் ஓடியதும் ஸ்விட்சை அணைத்து, பிளக்கைக் கழற்றி, அதன் பிளாஸ்டிக் பகுதியைத் தொட்டுப் பாருங்கள் (பின்களை வேண்டாம், சுட்டுவிடும்). லேசான வெதுவெதுப்பு பரவாயில்லை. கையை வைத்திருக்க முடியாமல் சுட்டால் அந்தச் சாக்கெட்டை மாற்றும்வரை அதில் ஹீட்டர் போடாதீர்கள்.

2000 வாட் ஹீட்டர் 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும், அதுவும் மணிக்கணக்கில். சாக்கெட்டுக்குள் பின்னைக் கவ்விப் பிடிக்கும் தகடு தளர்ந்திருந்தால் சூடெல்லாம் அந்த இடத்தில்தான் சேரும். மின்னோட்டம் இரட்டிப்பானால் அங்கே சூடு நான்கு மடங்கு. போன் சார்ஜருக்கு ஒழுங்காக உழைக்கும் அதே சாக்கெட் ஹீட்டருக்குக் கருகுவது இதனால்தான். ப்யூஸும் காப்பாற்றாது, ஏனென்றால் மின்னோட்டம் அளவுக்குள்தான் இருக்கும்.

பிளக் ஓரம் ஏற்கெனவே பழுப்பேறியிருந்தாலோ உருகிய வாடை வந்தாலோ சோதனையே தேவையில்லை, பிளக், சாக்கெட் இரண்டையும் மாற்றிவிடுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸுக்கும் இந்தச் சோதனை உதவாது: பெட்டிக்குள்ளோ சுருட்டிய வயரின் நடுவிலோ ஏறும் சூடு பிளக்கில் தெரியாது. அதில் ஹீட்டரைச் செருகவே கூடாது.