ரசத்தில் தொடங்கலாம்: பிள்ளைகளுக்குச் சமையல் சொல்லித் தரும்போது செய்யும் தவறுகள்

கோடை விடுமுறைச் சமையல் வகுப்பு என்றால் பெரும்பாலும் அடுப்பில்லாச் சமையல்தான். பிஸ்கெட்டை நொறுக்கி, சாக்லேட் ஊற்றி, படம் எடுப்பதோடு சரி. பெரியவர் ஒருவர் பக்கத்தில் நின்றால் 12 வயதுப் பிள்ளை ரசமே வைத்துவிடும். புளி கரைப்பது, தக்காளியைக் கையால் பிசைவது, நுரை கட்டியதும் இறக்குவது, தாளித்துக் கொட்டுவது என்று ஒரே பாத்திரத்தில் எத்தனை பாடம்! சுட்டுக்கொள்ளுமோ என்ற பயத்தில் இதைத் தள்ளிப்போடாதீர்கள். பெண்பிள்ளையை மட்டும் அடுப்படிக்கு அழைத்துவிட்டுப் பையனை விளையாட அனுப்புவது இன்னும் பல வீடுகளில் நடக்கிறது. வருத்தமாக இருக்கிறது.

பெரிய தவறு, பாடத்தை அடுப்படியிலேயே தொடங்கி அங்கேயே முடிப்பது. தக்காளி வாங்கவும் பிள்ளையைக் கூட்டிப்போக வேண்டும். பக்கத்தில் உழவர் சந்தை இருந்தால் ரொம்ப நல்லது. 1999-இல் மதுரை அண்ணா நகரில் தொடங்கிய ஏற்பாடு இது. அடையாள அட்டை உள்ள விவசாயி, கடை வாடகை இல்லாமல், தன் விளைச்சலைத் தானே விற்கிறார். அன்றைய விலை பலகையில் இருக்கும். மொத்தச் சந்தையைவிட அவருக்குக் கூடுதல், சில்லறைக் கடையைவிட நமக்குக் குறைவு. காலையிலேயே போய்விடுங்கள், வெயில் ஏறினால் நல்ல கீரை கிடைக்காது.

பலகையில் உள்ள தக்காளி விலையை வாரம் ஒருமுறை பிள்ளையே நோட்டில் குறிக்கட்டும். 2023 ஜூலையில் கிலோ 100 ரூபாயைத் தாண்டியது. சென்னை ரேஷன் கடைகளில் அரசே 60 ரூபாய்க்கு விற்றது. வேறு சமயங்களில் பறிகூலிக்கே கட்டாமல் தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பழத்தைச் செடியிலேயே விட்டுவிடுகிறார்கள். நாற்று விட்டதிலிருந்து முதல் பறிப்புக்கு ஏறக்குறைய 3 மாதம் ஆகும். நல்ல விலையைப் பார்த்துப் பலரும் நடுகிறார்கள், எல்லோருக்கும் ஒன்றாகக் காய்த்துவிடுகிறது.

விவசாயிக்குக் கிடைப்பதற்கும் நாம் கடையில் கொடுப்பதற்கும் ஏன் இவ்வளவு வித்தியாசம் என்று பிள்ளை கேட்டால், "எல்லாம் இடைத்தரகர் கொள்ளை" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். அப்படிச் சொல்லாமல் பெட்டி வாடகை, வண்டி வாடகை, ஏற்றுக்கூலி, மண்டிக் கமிஷன், வழியில் நசுங்கிய பழம் என்று எழுதிக் கூட்டச் சொல்லுங்கள். நடவுக்கு முன்பணம் கொடுத்தவர் பல நேரம் மண்டிக்காரர்தான். அந்தக் கடனுக்காகவே, விலை குறைந்தாலும் விவசாயி அவரிடமே சரக்கைப் போட வேண்டியிருக்கிறது. உதவியும் கட்டுப்பாடும் ஒரே கையிலிருந்து வருவது 12 வயதுக்கு நன்றாகவே புரியும்.

இவ்வளவும் சொல்லிவிட்டுக் கீரைக்காரம்மாவிடம் 5 ரூபாய்க்குப் பேரம் பேசாதீர்கள். நேற்று சூப்பர் மார்க்கெட்டில் போட்ட விலையை அப்படியே கொடுத்ததையும் பிள்ளை பார்த்திருக்கிறது.

பள்ளியில் சொல்லித் தருகிறவர்களுக்கு ஒன்று. வெள்ளை அரிசி விஷம், சிறுதானியமே உணவு என்று பேசாதீர்கள். எதிரே உட்கார்ந்திருக்கும் பல பிள்ளைகளின் வீட்டு உலையில் கொதிப்பது ரேஷன் அரிசி. அன்று இரவு அந்தப் பிள்ளை தன் தட்டைப் பார்த்துக் கூச வேண்டுமா? சாமையும் தினையும் பழக வேண்டும்தான். அதற்கு, ரேஷன் அரிசியை நன்றாக அலசி ஓர் உலையில் போடுங்கள். சாமை சீக்கிரம் வெந்துவிடும், அதைக் கொஞ்சம் பிந்தி வேறோர் உலையில் போடுங்கள். அப்புறம் பிள்ளைகள் வைத்த ரசத்தை இரண்டு சோற்றிலும் ஊற்றி, எல்லோருமாக உட்கார்ந்து சாப்பிடுங்கள்.