யூதர்கள் தாயகம் திரும்பிய வரலாற்றை நீலகிரியில் உட்கார்ந்து படிப்பது எப்படி

இஸ்ரேல் பற்றிச் செய்தி வந்தால் போதும், கூடலூர் டீக்கடையில் இரண்டு கட்சி ஆகிவிடும். "ரெண்டாயிரம் வருஷம் கழிச்சு வந்து எங்க இடம்னு சொன்னா எப்படி?" என்பார் ஒருவர், "அவங்க சொந்த மண்ணுதானேய்யா" என்பார் இன்னொருவர். இருவருமே ரோமர்கள் எருசலேமில் யூதர்களின் ஆலயத்தை இடித்த கி.பி. 70-இலிருந்து, இஸ்ரேல் நாடு உருவான 1948-க்கு ஒரே தாவாகத் தாவிவிடுகிறார்கள். நடுவில் பல தடவை பல பேர் திரும்பிப் போயிருக்கிறார்கள், பாதி முயற்சிகள் தோற்றும் இருக்கின்றன. அதை ஒழுங்காகப் படிக்க நினைக்கும் கல்லூரிப் பிள்ளைகளுக்கும் வாசிப்பு வட்டம் நடத்துபவர்களுக்கும் இந்தக் குறிப்பு.

முதலில் புத்தகம் வேண்டாம். கூடலூர், கோத்தகிரி, குன்னூர் பக்கம் சிலோனிலிருந்து வந்த குடும்பம் இல்லாத தெரு குறைவு, அப்படி ஒரு பாட்டியிடம் போய் நான்கு கேள்வி கேளுங்கள். உங்களை அங்கிருந்து தள்ளியது எது? இங்கே கதவைத் திறந்தது யார்? வந்தபோது இந்த இடத்தில் ஏற்கெனவே இருந்தவர்கள் யார்? வராமல் அங்கேயே நின்றவர்கள் யார்? பதில்கள் சுலபமாக வரும்: 1948 இலங்கைக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களை நாடற்றவர்களாக்கியது, 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும் என்றது, அவர்களுக்கு வேலை கொடுக்க 1968-இல் டான்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டங்கள் ஆரம்பித்தன, கூடலூரில் அதற்கு முன்பே பணியரும் குறும்பரும் இருந்தார்கள், ஹட்டனிலும் நுவரெலியாவிலும் இன்றும் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். இப்போது நோட்டில் மேலிருந்து கீழாகக் கோடு போட்டு நான்கு பத்தியாகப் பிரித்து, தள்ளியது, திறந்தது, இருந்தவர், நின்றவர் என்று தலைப்பு எழுதிக்கொள்ளுங்கள். யூத வரலாற்றின் ஒவ்வொரு கட்டத்தையும் இதில் நிரப்புவதுதான் வேலை.

பாபிலோனிலிருந்து ஆரம்பியுங்கள். இதற்குத் தமிழ் பைபிளே போதும், எந்தச் சபைக்காரர் வீட்டிலும் கிடைக்கும். எஸ்றா, நெகேமியா இரண்டையும் மெதுவாகப் படியுங்கள். கி.மு. 586 வாக்கில் பாபிலோன் அரசன் நேபுகாத்நேச்சார் எருசலேமை அழித்து மக்களைக் கொண்டுபோனான். கி.மு. 538-இல் பாரசீக அரசன் கோரேஸ் திரும்பிப் போகலாம் என்று ஆணையிட்டான். போனவர்கள் 42,360 பேர் என்று எஸ்றா இரண்டாம் அதிகாரம் கணக்குச் சொல்கிறது. நான்காம் பத்திக்கு வந்தால், கணிசமானவர்கள் பாபிலோனிலேயே தங்கிவிட்டார்கள், அங்கே நன்றாகவே வாழ்ந்தார்கள். மூன்றாம் பத்திக்கு எஸ்றா நான்காம் அதிகாரத்தைப் பாருங்கள். அங்கே குடியிருந்தவர்கள் "நாங்களும் சேர்ந்து ஆலயம் கட்டுகிறோம்" என்று வருகிறார்கள், திரும்பி வந்தவர்களின் தலைவர் செருபாபேல் முடியாது என்கிறார், அங்கிருந்து வம்பு தொடங்குகிறது. இந்த ஒரு அதிகாரத்தைத் தாண்டிப் போய்விடாதீர்கள் என்றுதான் நான் எல்லோரிடமும் சொல்வேன், பின்னால் வரும் எல்லாத் தகராறுக்கும் முன்மாதிரி இதிலேயே இருக்கிறது.

அடுத்து கி.பி. 132-க்கு வந்துவிடுங்கள், அங்கிருந்து ஆயிரத்து எழுநூறு வருஷத்தை வேகமாக ஓட்டலாம். 132 முதல் 135 வரை ரோமர்களுக்கு எதிராக யூதர்கள் நடத்திய பார் கோக்பா கலகம், அது முடிந்ததும் ரோமப் பேரரசன் ஹாட்ரியன் யூதர்களை எருசலேமுக்குள் வரக் கூடாது என்று தடுத்தான். 363-இல் இன்னொரு ரோமப் பேரரசன் யூலியன் ஆலயத்தை மறுபடி கட்டித் தருகிறேன் என்று தொடங்கினான், அவனே போரில் செத்துப்போனான். 1140-இல் ஸ்பெயினிலிருந்து யூதக் கவிஞர் யெகூதா ஹலேவி கிளம்பினார். 1492-இல் ஸ்பெயின் யூதர்களைத் துரத்தியது, 1517-க்குப் பிறகு துருக்கிய ஒட்டோமான்கள் பாலஸ்தீன நிலத்தை ஆண்டார்கள், அங்குள்ள ஸபெத் நகரம் யூத அறிஞர்களால் நிரம்பியது. 1665-இல் சப்பத்தாய் செவி என்ற யூதர், கடவுள் அனுப்பும் மீட்பரான மேசியா தானே என்றார், ஊர் ஊராக ஜனங்கள் மூட்டை கட்டினார்கள், அடுத்த வருஷமே அவர் இஸ்லாத்துக்கு மாறிவிட்டார். ஏங்குவதற்கு ஒரு காலத்திலும் ஆள் குறையவில்லை. ஆனால் பெருங்கூட்டமாகப் போகப் பின்னால் ஒரு தள்ளலும் முன்னால் ஒரு திறப்பும் வேண்டியிருந்தது.

1881-க்கு வந்ததும் நிதானமாகிவிடுங்கள். ரஷ்யாவில் ஜார் இரண்டாம் அலெக்சாந்தர் கொல்லப்பட்டபின் யூதர்கள் மீது கலவரங்கள் வெடித்தன. 1914-க்குள் சுமார் இருபது லட்சம் பேர் கிழக்கு ஐரோப்பாவைவிட்டு அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார்கள், பாலஸ்தீனம் போனவர்கள் சில பத்தாயிரம்தான். 1897-இல் யூதர்களுக்குத் தனி நாடு கேட்ட ஹெர்சல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்தில் மாநாடு கூட்டினார், 1917-இல் பிரிட்டன், பாலஸ்தீனத்தில் யூதர்களுக்குத் தாயகம் அமைய ஆதரவு என்று பால்ஃபர் பிரகடனம் தந்தது, 1924-இல் அமெரிக்கா குடியேற வருபவர்களுக்கு வாசலைச் சாத்தியது. ஹிட்லர் காலத்தில் தள்ளல் உச்சத்துக்குப் போனபோது, அப்போது பாலஸ்தீனத்தை ஆண்டு, அங்கே அரபுக் கிளர்ச்சியைப் பார்த்த பிரிட்டன் 1939-இல் ஐந்து வருஷத்துக்கு 75,000 பேர்தான் என்று கதவை ஒருக்களித்து வைத்தது. இந்த வரியை நோட்டில் அடிக்கோடிடுங்கள்.

1948-க்கான மூன்றாம் பத்தியைக் காலியாக விட்டால் நோட்டே வீண். அங்கே இருந்த பாலஸ்தீன அரபுகளில் சுமார் ஏழு லட்சம் பேர் அந்தப் போரில் வீடிழந்தார்கள், திரும்ப விடப்படவில்லை. 1950-இல் இஸ்ரேல், எந்த நாட்டு யூதரும் வந்து குடியேறலாம் என்று சட்டம் போட்டது. ஒரே நிலம், இரண்டு திரும்பும் கோரிக்கை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள், ஒன்றை மறைத்து இன்னொன்றை விளக்க முடியாது.

சிலோன் ஒப்பீட்டை இதற்குமேல் இழுக்காதீர்கள். நம்மவர்கள் இரண்டு அரசுகள் போட்ட ஒப்பந்தத்தில், ஏற்கெனவே இருந்த ஒரு நாட்டின் குடிமக்களாக வந்தார்கள், புதிதாக அரசு அமைக்க வரவில்லை. வாசிப்பு வட்டத்தில் யாராவது கட்டாயம் "ரெண்டும் ஒண்ணுதானே" என்பார், அப்போது இதைச் சொல்லுங்கள்.

கடைசியாகக் கொச்சி யூதர்களை நிரப்பிப் பாருங்கள். போர்ச்சுக்கீசியர் காலத்தை விட்டால் அவர்களை யாரும் துரத்தவில்லை, ராஜாக்கள் நிலம் கொடுத்து வைத்திருந்தார்கள், ஆனாலும் 1950-களில் பெரும்பாலோர் கிளம்பி, இஸ்ரேலில் நெகேவ் பாலைவனத்திலுள்ள நெவாதிம் போன்ற ஊர்களில் குடியேறினார்கள். முதல் பத்தியில் என்ன எழுதுவது என்று வட்டத்தில் சண்டை வரும், வரட்டும். முடிந்தால் நாடுகாணி இறங்கி நிலம்பூர், திருச்சூர் வழியாகக் கொச்சிக்கே போய், மட்டாஞ்சேரியில் 1568-இல் கட்டிய பரதேசி ஜெப ஆலயத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள். வெள்ளி, சனிக்கிழமைகளில் மட்டும் போகாதீர்கள், யூதர்களின் ஓய்வுநாளையொட்டிப் பூட்டியிருக்கும்.