சாவியில்லாமல் ஸ்டார்ட் ஆகும் கார் வைத்திருப்போர் கவனத்திற்கு

இக்னிஷனை உடைத்து, வயர்களை இணைத்துக் காரைக் கிளப்பிச் செல்லும் பழைய திருட்டு, பிரிட்டனில் 1998 முதல் புதிய கார்களுக்கு, உரிய சாவியின்றி என்ஜினை இயங்கவிடாத இம்மொபிலைசர் கருவி கட்டாயமான பின் வெகுவாகக் குறைந்தது. இன்றோ ஒருவர் வாசலருகே ஆன்டெனாவுடன் நின்று, வீட்டினுள் மேசைமேல் கிடக்கும் ஸ்மார்ட் சாவியின் சிக்னலைப் பிடித்து, காரருகே நிற்கும் கூட்டாளியின் கருவிக்கு அனுப்ப, சாவி பக்கத்திலேயே இருப்பதாக எண்ணிக் கார் திறந்துகொள்கிறது, என்ஜினும் இயங்கிவிடுகிறது.

ஆகவே இரவில் ஸ்டியரிங்கின் மேல் இரும்புப் பூட்டு ஒன்றைத் தவறாமல் மாட்டுங்கள். பழைய முறை என்று அதை ஒதுக்குவது சரியன்று. சாவியையும், பலரும் மறந்துவிடும் உதிரிச் சாவியையும், சிக்னலைத் தடுக்கும் ஃபாரடே பையில் வையுங்கள். பையை வாங்கியதும் சாவியை உள்ளிட்டு மூடி, கையில் வைத்துக்கொண்டே கார்க் கதவைத் திறந்து பாருங்கள். திறந்தால் அந்தப் பை பயனற்றது. மடிப்புகளில் உலோக இழை நாளடைவில் தேய்ந்துவிடும் என்பதால், இச்சோதனையைச் சில மாதங்களுக்கு ஒருமுறை மீண்டும் செய்வது அவசியம்.