மின்மினி ஒளியும் புற்றுநோயும்: எங்கே தவறுகிறோம்?

அத்தைக்குப் புற்றுநோய் என்று தெரிந்த வாரமே குடும்ப வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. மின்மினிப் பூச்சியின் ஒளி கட்டியைக் கரைத்துவிடுமாம். "சிங்கப்பூர்ல எங்க செய்றாங்கன்னு கேட்டுச் சொல்லுப்பா" என்றார் அத்தை. அந்த ஆசையைக் கலைக்க மனமில்லை, ஆனாலும் சொன்னேன்: இது இன்னும் ஆய்வுக்கூடத்தில்தான் இருக்கிறது அத்தை, இதை நம்பி மருத்துவர் குறித்த தேதியைத் தள்ளிப்போடாதீங்க. இருப்பதிலேயே பெரிய தவறு அதுதான்.

அடுத்தது, ஒளியே செல்லைக் கொல்கிறது என்று நினைப்பது. இதற்கு அடிப்படை, ஒளியால் மருந்தைத் தூண்டிக் கட்டியை அழிக்கும் ஒளியியக்கச் சிகிச்சை. அதற்கு ஒளி, ஒளியுணர் மருந்து, ஆக்சிஜன் மூன்றும் வேண்டும். ஒளி பட்டதும் மருந்து பக்கத்திலுள்ள ஆக்சிஜனை நச்சாக மாற்றுகிறது. கொல்வது அந்த நச்சு. லேசரின் சிவப்பு ஒளி சதைக்குள் சில மில்லிமீட்டர்தான் பயன்தரும் அளவுக்குப் போகும். ஆழத்தில் இருக்கும் கட்டிக்கு உள்ளேயே விளக்கேற்றினால் என்ன என்றுதான் மின்மினியின் பக்கம் போனார்கள்.

சரி, மின்மினியை ஒளிரவைக்கும் பொருளான லூசிஃபெரினை ஊசியாகப் போட்டால் போதுமா? போதாது. அதை எரியவைக்கும் லூசிஃபெரேஸ் நொதி நம் உடலில் இல்லை. மரபணுவாகவோ நானோ துகளில் ஒட்டியோ உள்ளே அனுப்ப வேண்டும். அப்படியும் ஒளி மிக மங்கல். அந்த ஒளியால் செல்கள் இறந்ததாக 2003இல் ஒரு குழு எழுதியது. ஒளி போதவில்லை என்று 2006இல் இன்னொரு குழு மறுத்தது. அதனால்தான் பின்னர் வந்தவர்கள் நொதியையும் மருந்தையும் சுமார் 10 நானோமீட்டருக்குள் நெருக்கி வைத்து, ஆற்றல் நேரே கைமாறும்படி செய்து பார்க்கிறார்கள்.

2012இல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் எலிகளில் செய்த ஆய்வையும் இதோடு குழப்புகிறார்கள். அங்கே வெளியிலிருந்து அகச்சிவப்பு ஒளி பாய்ச்சினார்கள். மின்மினிக்கு அதில் வேலையே இல்லை.

அப்புறம் ஒன்று, இப்போது நடைமுறையில் உள்ள சிகிச்சை பற்றியது. போட்டோஃபிரின் என்ற ஒளியுணர் மருந்தைப் போட்டவர்கள் குறைந்தது 30 நாள் வெயிலில் படக்கூடாது. நம் ஊர் வெயிலுக்குப் புளோக்கிலிருந்து பேருந்து நிறுத்தம் வரை நடப்பதே ஆபத்து. சன்ஸ்கிரீன் காப்பாற்றாது, ஏனென்றால் கண்ணுக்குத் தெரியும் ஒளியே தோலைச் சுடும். நீளக்கைச் சட்டை, கையுறை, தொப்பி, கறுப்புக் கண்ணாடி வேண்டும். அதற்காகத் திரையை இழுத்துவிட்டு இருட்டில் முடங்கவும் கூடாது. வீட்டு விளக்கின் சாதாரண வெளிச்சம், தோலில் தங்கிய மருந்தைக் கொஞ்சங்கொஞ்சமாகச் செயலிழக்க வைக்கும்.