வெளிப்புற உருவப்படங்களுக்கு லைட் மாடிஃபையர் தேர்ந்தெடுப்பது எப்படி?

ஸ்டுடியோவுக்கு வெளியே, கையில் எடுத்துச் செல்லும் ஃபிளாஷ்களைக் கொண்டு முகங்களைப் படம்பிடிப்பவர்கள், ஒளியை மென்மையாக்கும் லைட் மாடிஃபையர்களில் சாஃப்ட்பாக்ஸ் (முகப்பில் வெள்ளைத் துணி கொண்ட ஒளிப்பெட்டி) வாங்குவதா அம்பர்லா (ஒளிக்குடை) வாங்குவதா என்று கடையில் விசாரிப்பதற்கு முன், விளக்கை முகத்துக்கு எவ்வளவு அருகில் கொண்டுவர முடியும் என்பதைத் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். முகத்திலிருந்து பார்க்கும்போது வெளிச்சப் பரப்பு எவ்வளவு பெரிதாகத் தெரிகிறதோ, அந்த அளவுக்கு நிழலின் விளிம்பு மென்மையாகும். ஒரு மீட்டரில் நிற்கும் 60 செ.மீ. சாஃப்ட்பாக்ஸும் இரண்டு மீட்டரில் நிற்கும் 120 செ.மீ. சாஃப்ட்பாக்ஸும் ஏறக்குறைய ஒரே மென்மையைத் தரும். மாடிஃபையரின் அகலம் எவ்வளவோ அந்தத் தொலைவில் தொடங்கி, அதன் ஒன்றரை மடங்குக்குள் விளக்கை நிறுத்த முடிந்தால் முகத்துக்கு நல்ல ஒளி கிடைக்கும்.

ஃபிளாஷின் தலையில் மாட்டும் சிறிய பிளாஸ்டிக் மூடிகளைத் திறந்தவெளி வேலைக்கு வாங்க வேண்டாம் என்று நான் சொல்வதற்கும் இதுவே காரணம். மண்டபத்துக்குள் அந்த மூடி நாலாபுறமும் சிதறடிக்கும் ஒளியை வெள்ளைச் சுவரும் கூரையும் திருப்பி அனுப்புவதால் அங்கே மென்மை பிறக்கிறது. கடற்கரையில் திருப்பி அனுப்ப எதுவும் இல்லை. ஒளியின் பெரும்பகுதி வானத்துக்குப் போய்விடும்.

எடை, விலை, விரிக்கும் வேகம் ஆகிய மூன்றிலும் அம்பர்லாவை மிஞ்ச எதுவும் இல்லை. வெள்ளைத் துணி வழியே ஒளியைக் கடத்தும் வகையை முகத்துக்கு மிக அருகில் கொண்டுவரலாம். உட்புறம் வெள்ளியோ வெள்ளையோ பூசி, வெளிப்புறம் கறுப்பாக இருக்கும் வகை ஒளியை வீணாக்காமல் முன்னோக்கி அனுப்பும். இரண்டிலுமே ஒளி பரந்து விழும் என்பதால் பின்புலத்தை இருட்டாக வைத்துக்கொள்வது கடினம். அறைக்குள் வேலை செய்யும்போது இது பெரிய குறையாகத் தெரியாது. ஆனால் மாமல்லபுரத்திலோ கோவளத்திலோ பிற்பகலில் கடற்காற்று எழுந்த பின் அம்பர்லாவை விரித்தால், அது பாய்மரம் போல ஸ்டாண்டோடு ஃபிளாஷையும் இழுத்துச் சாய்க்கும். வெளிப்புற வேலையே பிரதானமாக இருப்பவருக்கு அம்பர்லாவை முதல் மாடிஃபையராக நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், குடை போல ஒரே இழுப்பில் விரியும் 90 செ.மீ. ஆக்டாபாக்ஸை (எண்கோண சாஃப்ட்பாக்ஸை) வாங்குங்கள். 60 செ.மீ. சதுரப் பெட்டியின் பரப்பு 3,600 சதுர செ.மீ. மட்டுமே, 90 செ.மீ. எண்கோணத்தின் பரப்பு சுமார் 6,700 சதுர செ.மீ., அதாவது ஏறத்தாழ இரு மடங்கு, அப்படியிருந்தும் மடித்தால் தோளில் மாட்டும் ஒரு பைக்குள் அடங்கிவிடும். மார்பளவு படத்துக்கு இதை ஒரு மீட்டரில், கண் மட்டத்துக்குச் சற்று மேலே, 45 பாகை பக்கவாட்டில் நிறுத்தினால் கன்னத்தின் வளைவு தெளிவாகத் தெரியும். கண்ணில் விழும் ஒளிப்புள்ளியும் ஏறக்குறைய வட்டமாக அமையும்.

திருமணப் படங்களில் இந்தப் பரப்பின் அருமை இன்னும் நன்றாகப் புரியும். நெற்றியிலும் மூக்கின் மேலும் வியர்வை மினுங்கும் மாநிற முகத்தின் மீது சிறிய விளக்கை வீசினால் அந்த இடங்கள் வெள்ளைத் திட்டுகளாக வெந்துபோகும். அதே ஒளி பெரிய பரப்பிலிருந்து வந்தால் மினுமினுப்பு அகன்று படர்ந்து, தோலின் நிறம் உள்ளபடியே தெரியும். பட்டுப்புடவையின் சரிகைக்கும் காசுமாலைக்கும் இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும். பளபளக்கும் தங்கம் தன் எதிரே இருப்பதைத்தான் பிரதிபலிக்கிறது. எதிரே சிறிய விளக்கு இருந்தால் ஒரு புள்ளி மட்டும் எரிந்து மற்ற இடம் கறுத்துவிடும், பெரிய வெள்ளைத் துணி இருந்தால் ஒவ்வொரு காசின் முகப்பும் பொன்னிறத்தோடு துலங்கும். பெட்டியின் நடுப்பகுதியை நேராக முகத்தின் மீது வைக்காமல், பெட்டியைச் சற்று முன்புறமாகத் திருப்பி அதன் ஓரத்து ஒளி மட்டும் முகத்தில் படும்படி செய்தால் மினுமினுப்பு மேலும் தணியும்.

இருவரைச் சேர்த்து எடுக்கும்போது கணக்கு மாறுகிறது. தொலைவு இரு மடங்கானால் ஒளி நான்கில் ஒன்றாகக் குறையும் என்பதால், மணமகளிடமிருந்து ஒரு மீட்டரிலும் மணமகனிடமிருந்து ஒன்றரை மீட்டரிலும் விளக்கு இருந்தால் மணமகன் ஒரு ஸ்டாப்புக்கும் (ஒளி பாதியாவது ஒரு ஸ்டாப்) மேல் இருண்டுவிடுவார். விளக்கை மேலும் ஒரு மீட்டர் பின்னுக்குத் தள்ளினால் அந்த வேறுபாடு ஏறத்தாழ முக்கால் ஸ்டாப்புக்குள் வந்துவிடும்; அதற்கு ஈடாக 90 செ.மீ. பெட்டியின் மென்மை குறையும். ஜோடிகளையும் முழு உருவத்தையும் அதிகம் எடுப்பவர்கள் 120 செ.மீ. பெட்டியை நோக்கிப் போவது இதனால்தான். அதைத் தாங்க உறுதியான ஸ்டாண்டும் மணல் பையும் வேண்டும். அவற்றைவிட, கம்பின் நுனியில் விளக்கைப் பிடித்துக்கொண்டு காற்றுக்கேற்ப வளைந்துகொடுக்கும் உதவியாளர் ஒருவர் மேலானவர்.

மாடிஃபையர் ஒளியைத் தின்னும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். உச்சி வெயிலில் ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு) 100, ஷட்டர் 1/200 வினாடி என்று வைத்தால் அப்பர்ச்சர் (லென்ஸின் துளை) ஏறத்தாழ எஃப் 11 ஆக இருக்கும். அந்த வெயிலை முதுகில் வாங்கி நிற்பவரின் முகத்தை, இரண்டு அடுக்குத் துணி வழியாக ஒரு சாதாரண ஸ்பீட்லைட்டால் (கேமரா மேல் மாட்டும் சிறிய ஃபிளாஷால்) நிரப்புவது, விளக்கு ஒரு மீட்டருக்குள் இருந்தாலே சிரமம். பின்புலத்தை மங்கலாக்க அந்தத் துளையை எஃப் 2.8க்குப் பெரிதாக்கினால் ஷட்டர் 1/3200ஐத் தொடும். அப்போது தேவைப்படும் ஹை ஸ்பீட் சிங்க் (வேகமான ஷட்டரிலும் ஃபிளாஷை இயங்கவைக்கும் முறை) ஃபிளாஷின் சக்தியைப் பெருமளவு குறைத்துவிடும். எனவே 120 செ.மீ. பெட்டி வாங்க எண்ணுபவர் அதோடு 200 வாட்-செகண்ட் ஃபிளாஷுக்கும் பணம் ஒதுக்க வேண்டும். இல்லையேல் உள்துணியைக் கழற்றிவிட்டு ஒரே அடுக்கோடு வேலை செய்யலாம், அல்லது மாலை ஐந்து மணிக்கு மேல் படப்பிடிப்பை வைத்துக்கொள்ளலாம். மாலையில் எடுப்பதே எனக்குப் பிடித்தது.

ஃபிளாஷே இல்லாதவர் முதலில் வாங்க வேண்டியது 110 செ.மீ. அளவுள்ள ஐந்து முக ரிஃப்ளெக்டர் (வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் மடக்குத் தட்டு). வெள்ளை முகம் நிழலை இயல்பாக நிரப்பும்; வெள்ளி முகம் வெயிலில் கண்ணைக் கூசச் செய்யும் என்பதால் அதைத் தொலைவில் வைத்தே பயன்படுத்த வேண்டும். தங்க முகம் நம் தோலின் நிறத்தை மஞ்சளாக்கிவிடும். அந்தி வெளிச்சத்தில் தவிர அதை வெளியே எடுக்கத் தேவையில்லை. உறையைக் கழற்றியதும் உள்ளே இருக்கும் ஒளிபுகும் துணிதான் இதன் உண்மையான செல்வம்: நடுப்பகலில் இரண்டு பேர் அதைத் தலைக்கு மேலே பிடித்தால், கண்குழிகளில் விழும் கரிய நிழல் மறைந்து, மேகம் மூடியது போன்ற ஒளி கிடைக்கும். கையில் காசு குறைவாக இருந்தால், நம் சினிமா செட்டுகளில் காலங்காலமாகப் பயன்படும் வெள்ளைத் தெர்மாகோல் அட்டையும் நிழலை நிரப்பப் போதும்.

பெட்டியின் முகப்பில் ஒட்டும் துணி கிரிட் (கட்டம் கட்டமான வலை), ஒளி பக்கவாட்டில் சிதறாமல் தடுக்கும். சுவர் அருகில் இருக்கும் குறுகிய இடங்களில் அது அவசியம். அந்தியில் எடுப்பவர் ஃபிளாஷின் வெண்மையைச் சூழலின் செம்மையோடு பொருத்த ஆரஞ்சு ஜெல் (ஃபிளாஷின் முன் ஒட்டும் நிறத்தாள்) ஒன்றைப் பையில் வைத்திருக்க வேண்டும். பியூட்டி டிஷ்ஷின் ஒளி அழகானதுதான், ஆனால் மடியாத உலோகத் தட்டைச் சுமந்துகொண்டு ஊர் ஊராகப் போவது கடினம்.

வாங்கும் நாளில் உங்கள் ஃபிளாஷைக் கடைக்கே எடுத்துச் செல்லுங்கள். அது பெட்டியின் மவுண்ட்டில் ஆடாமல் பொருந்துகிறதா, பெட்டியின் எடையால் இணைப்பு கீழே சாய்கிறதா, உள்துணி தனியாகக் கழன்று வருகிறதா, யாருடைய உதவியும் இல்லாமல் உங்களால் விரித்து மடிக்க முடிகிறதா என்று அங்கேயே பார்த்துவிடுங்கள். பிறகு விளக்கை எரியவிட்டு, பெட்டியின் முகப்பைக் குறைந்த எக்ஸ்போஷரில் ஒரு படம் எடுங்கள். நடுவில் மட்டும் பளிச்சென்று எரிந்து ஓரங்கள் இருண்டிருந்தால், 90 செ.மீ. என்று எழுதியிருக்கும் அந்தப் பெட்டி உங்களுக்குத் தரப்போவது அதில் பாதி அளவு ஒளிப்பரப்பைத்தான்; அதை வைத்துவிட்டு அடுத்ததைக் கேளுங்கள்.