நாணயம் சுண்டி ஒரு குவாண்டம் சாவி

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் டியூஷன் எடுக்கிறேன். இணையத்தை இன்று காக்கும் ஆர்எஸ்ஏ என்ற ரகசியக் குறியீட்டுப் பூட்டு, பெரிய குவாண்டம் கணினி வந்தால் உடைந்துவிடும். அதற்கு மாற்றாகப் பேசப்படும் குவாண்டம் சாவியை, அதாவது ஒளித்துகள்களை அனுப்பி இருவர் மட்டும் அறியும்படி உருவாக்கும் 0, 1 வரிசையைப் புரியவைக்க, மூன்று பேர் கையில் நாணயத்தைக் கொடுத்துவிடுவேன். விஞ்ஞானிகள் பென்னட்டும் பிரசார்டும் 1984-இல் சொன்ன பிபி84 முறைதான். நாற்பது துண்டுச்சீட்டு போதும்; ஒவ்வொரு சீட்டும் ஒரு ஃபோட்டான், அதாவது ஒளித்துகள்.

அனுப்புபவர் ஒவ்வொரு சீட்டுக்கும் இரண்டு முறை சுண்ட வேண்டும். முதலில் விழுவது 0 அல்லது 1. அடுத்தது, ஃபோட்டானின் அதிர்வு நேரா, சாய்வா என்பது. 'சாய்வு 1' என்று எழுதி மடித்துக் கொடுக்கட்டும். வாங்குபவர் சீட்டைப் பிரிக்கும் முன்பே நாணயம் சுண்டி, நேரா சாய்வா என்று முடிவெடுத்துவிட வேண்டும். இந்த வரிசையை மட்டும் மாற்றாதீர்கள். பொருந்தினால் எண்ணை அப்படியே குறிக்கலாம். பொருந்தாவிட்டால் அந்த எண் செல்லாது, மறுபடி சுண்டி விழுந்ததை எழுத வேண்டும். ஃபோட்டானும் அப்படித்தான் நடந்துகொள்ளும்.

பிறகு நேர், சாய்வை மட்டும் இருவரும் உரக்கப் படியுங்கள். எண்ணைச் சொல்லக்கூடாது. பொருந்தியவை இருபது போல மிஞ்சும், அதுதான் சாவி.

அப்புறம் ஒட்டுக்கேட்பவரை நடுவில் உட்காரவையுங்கள். அவருக்கும் அதே விதி. தனக்குக் கிடைத்ததைப் புதுச் சீட்டில் எழுதி அனுப்புவார். இப்போது சாவியில் ஏறக்குறைய நாலில் ஒன்று தப்பாக இருக்கும். போன வாரம் நடுவில் இருந்த பெண் முகம் வாடி, "மிஸ், நான் எதையும் மாத்தலையே, கிடைச்சதைத்தானே எழுதினேன்?" என்றாள். உண்மைதான். பாதி முறை தப்பான பக்கமாகப் பார்த்திருக்கிறாள், அதிலேயே கெட்டுவிட்டது. பார்க்காமல் நகலெடுக்கவும் வழியில்லை என்று 1982-லேயே நிரூபித்துவிட்டார்கள்.

நிஜத்தில் சாவியின் ஒரு பகுதியை வெளிப்படையாக ஒப்பிட்டுத் தூக்கிப்போடுவார்கள். தவறு 11 சதவீதம் போலத் தாண்டினால் முழுச் சாவியும் குப்பைக்கு.

கடலூரிலிருந்து புதுச்சேரி இருபது கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். கண்ணாடி இழையில் கிலோமீட்டருக்கு 0.2 டெசிபல் (ஒளி குறைவதை அளக்கும் அலகு) இழப்பு என்றால், அனுப்பியதில் மூன்றில் ஒரு பங்காவது போய்ச் சேரும். நூறு கிலோமீட்டருக்கோ நூற்றில் ஒன்றுதான். நடுவில் ஒளியை வலுவாக்கும் சாதாரணப் பெருக்கி வைக்கவும் முடியாது, நகலெடுக்க முடியாத அதே காரணம்தான்.

இன்னொன்று: உரக்கப் படிப்பவர் அவர்தானா என்பதை ஃபோட்டான் சொல்லாது. அதனால் முதல் சீட்டை மடிக்கும் முன், அனுப்புபவரும் வாங்குபவரும் காதோடு காதாக ஒரு ரகசியச் சொல்லைப் பேசி வைத்துக்கொள்ளட்டும்.