பழைய ரயில் தடத்தில் சைக்கிள்: ஸ்போலெத்தோவிலிருந்து நேரா ஆற்றின் பள்ளத்தாக்குக்கு

இத்தாலியின் உம்பிரியா மாநிலத்தில் ஸ்போலெத்தோவையும் நோர்ச்சாவையும் இணைத்து 1926 முதல் 1968 வரை இயங்கிய மலை ரயிலின் தண்டவாளங்கள் அகற்றப்பட்டு, அந்தத் தடத்தின் பெரும்பகுதி இன்று சரளைக்கல் பரப்பிய சைக்கிள் பாதையாக இருக்கிறது. கார்களுக்கு அஞ்சாமல் சரளையில் ஓட்டிப் பழக விரும்புவோருக்கு இதையே முதலில் பரிந்துரைப்பேன்.

ரோமிலிருந்து ரயிலில் ஸ்போலெத்தோவில் இறங்கி, அங்கிருந்தே ஏறத் தொடங்கலாம். ரயிலுக்காக வெட்டிய வழியாதலால் ஏற்றம் நீளமானதே தவிர செங்குத்தானதல்ல. இலகுவான கியரில் ஒரே சீராக மிதித்தால் போதும். டயர் 40 மில்லிமீட்டர் அகலமாவது இருக்கட்டும். காற்றைச் சற்றுக் குறைத்தே அடியுங்கள், கல்லைப் பிடித்து ஓடும்.

மறக்கக் கூடாதது விளக்கு. ஏற்றத்தின் உச்சியிலுள்ள கப்ராரெச்சா சுரங்கம் ஏறக்குறைய 2 கிலோமீட்டர் நீளமுடையது. கோடையிலும் உள்ளே குளிரடிக்கும் என்பதால், வியர்த்த உடம்போடு நுழையாமல் வாயிலிலேயே நின்று மேலங்கியை அணிந்துகொள்ளுங்கள். கைபேசி வெளிச்சம் சுரங்க இருட்டுக்கு உதவாது.

சுரங்கத்துக்கு அப்பால், நேரா ஆற்றுப் பள்ளத்தாக்கிலுள்ள சாந்தனத்தோலியா தி நார்கோ என்னும் ஊர் வரை இறக்கம். வளைவுகளில் முன் பிரேக்கை இறுகப் பிடித்தால் சக்கரம் சரளையில் வழுக்கும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடுங்கள். 2016 நிலநடுக்கம் இப்பகுதியைக் கடுமையாகத் தாக்கியது. ஆதலால் நோர்ச்சா வரை செல்ல எண்ணுவோர், எந்தெந்தப் பகுதிகள் திறந்துள்ளன என்று ஸ்போலெத்தோவிலேயே விசாரித்துக்கொள்ள வேண்டும்.